குதிரைகளோடு வன்னியில் இரவு தங்க எந்த இடம் தோது?

முரசுமோட்டைச் சவாரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன. மட்டக் குதிரை, பெண், என்னுடையது. மற்றது காயடித்த ஆண், மச்சானுடையது. இரண்டும் கலியாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய்ப் பழகியவை. மேளம், பட்டாசு, ஜெனரேற்றர் சத்தம் எதற்கும் வெருளாது. பஸ்ஸும் மண் ஏற்றுகிற ரிப்பரும் உரசிக்கொண்டு போனாலும் காதை மட்டும் ஆட்டிவிட்டு நடக்கும். ஆனால் இன்றுவரை எங்கள் கொட்டிலை விட்டு வெளியே இரவு தங்கியதில்லை.

வரும் மாசியில், காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு, முரசுமோட்டையில் இருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஆறுதலாகப் போய்வர ஆசை. பரந்தன் - முல்லைத்தீவு வீதி முழுவதுமே ஐம்பது கிலோமீற்றர் அளவுதான். விரட்டிக்கொண்டு போக எங்களுக்கு விருப்பமில்லை. விடியப் புறப்பட்டு, வெயில் ஏற முதல் நிப்பாட்டி, இடையில் இரண்டு இடத்தில் தங்கிப் போகலாம் என்று நினைக்கிறோம். மருமகன் லான்ட்மாஸ்டரில் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) சாமான்களோடு பின்னால் வருவான்.

சிக்கல் தங்குமிடம்தான். விடுதி ஒன்றில் கேட்டேன். ஆட்களுக்கு அறை தரலாம், குதிரையை வீதியோரம் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். குதிரையை வீதியில் விட்டுவிட்டு எனக்கு எப்படி நித்திரை வரும்?

இப்போதைக்கு யோசனை, உடையார்கட்டுப் பக்கம் குளக்கரை ஒன்றில் கூடாரம் அடிப்பது. வடிவான இடம், தண்ணியும் பக்கத்தில். இது சரிவருமா? இரவில் எப்படிக் கட்டுவது? தீனி எவ்வளவு ஏற்ற வேண்டும்? குதிரையோடு வெளியில் தங்கிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பட்டிக்காரன், வவுனிக்குளம் எழுதியது:

தம்பி, குளக்கரையை முதலில் மனதில் இருந்து எடுத்துவிடுங்கள். நாங்கள் பரம்பரையாகப் பட்டி மாடு வைத்திருக்கிற ஆட்கள், குளத்தின் அலைகரையிலேயே வளர்ந்தவர்கள். பகலில் அது மாட்டின் இடம். பொழுது பட்டால் யானையின் இடம். மைமலிலும் விடியப்புறத்திலும் தண்ணிக்கு இறங்கும். அது வருகிற பாதையில் நீங்கள் கூடாரம் அடித்திருந்தால் சுற்றிப் போக வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் இல்லை.

உங்கள் குதிரை பட்டாசுக்குப் பழகியிருக்கலாம். யானையின் மணத்துக்குப் பழகியிருக்காது. காற்று மாறி அந்த மணம் வந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடும். ஓடுகிற குதிரை முள்ளுக்கம்பியைப் பார்க்காது, வாய்க்காலையும் பார்க்காது.

இன்னொன்று முதலை. எங்கள் பெரிய குளங்களில் முதலை இருப்பது தெரிந்த விசயம்தான். பகலில் என்றாலும் குதிரையைக் கரையில் இறக்கித் தண்ணி காட்டாதீர்கள், வாளியில் அள்ளிக் கொண்டுவந்து வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற பக்கம் கடைசிச் சண்டை நடந்த மண். மிதிவெடி அகற்றியிருக்கிறார்கள், இன்னமும் அகற்றுகிறார்கள். சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக ஒரு பற்றைக்குள் குதிரையை விடலாம் என்று இல்லை. மாடு தினமும் மேய்கிற தரை, ஆள் தினமும் நடக்கிற ஒழுங்கை, உழுத வயல், இவற்றுக்குள் நில்லுங்கள். விறகுக்கென்று கூடக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். விறகை லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஒட்டுசுட்டான் மகள், கல்கரி எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது ஒட்டுசுட்டான், இப்போது இருப்பது கனடாவில் கல்கரி. நானும் கணவரும் இங்கே குதிரை வைத்திருக்கிறோம். கோடை வந்தால் அவற்றோடு மலையடிவாரத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதுதான் எங்களுக்கு இருக்கிற பெரிய சந்தோசம். ஊருக்கு வந்து ஏ9 வீதியில் போகும்போதெல்லாம், இந்த மரத்தடியில் நிற்கலாம், அந்தக் கிணற்றடியில் நிற்கலாம் என்று என் கண் அளந்துகொண்டே வரும். வன்னியில் ஒருவர் உண்மையாகவே அப்படிப் போகப் போகிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தெரியவில்லை.

கல்கரிக்கு மேற்கே கனனாஸ்கிஸ் என்று ஒரு மலைப்பகுதி. அங்கே லிட்டில் எல்போ, சான்டி மக்நாப், எதரிங்டன் கிறீக் ஆகிய இடங்களில் குதிரைக்காரருக்கென்றே முகாம் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். குதிரை ஏற்றிய ட்ரெய்லரைத் திருப்பக்கூடிய அகலமான தரிப்பிடம், குதிரை கட்டக் கம்பம் அல்லது மரச்சட்ட அடைப்பு, தண்ணீர், சாணத்தை ஒதுக்க ஓர் இடம், முகாமில் இருந்தே தொடங்கும் சவாரிப் பாதை. இவ்வளவுதான். மற்ற முகாம்களில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், நாய்கள் குரைக்கும், அதனால் குதிரைக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இப்போது யோசியுங்கள். அகலமான தரை, நிழல், கிணறு, கட்ட மரம், பக்கத்தில் ஆள் நடமாட்டம், இது எல்லாம் வன்னியில் எங்கே ஒன்றாகக் கிடைக்கும்? வண்டில் மாடுகள் அவிழ்த்துக் கட்டிய இடங்களில். எங்கள் அம்மம்மா காலத்தில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வண்டில் கட்டிக்கொண்டு போனவர்கள் எங்கே தங்கினார்கள்? மடு மாதா கோயிலுக்குப் போனவர்கள் காட்டு மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுக் கிடந்தார்கள், இன்றைக்கும் ஆவணித் திருவிழாவுக்குச் சனம் அங்கே கூடாரத்தில்தானே தங்குகிறது. உங்கள் வீட்டுக்குக் கிட்டவே புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் இருக்கிறது. பங்குனிப் பொங்கலுக்கு மாட்டு வண்டில்கள் வரிசையாக வருகிற இடம். ஆகவே புதிதாக முகாம் தேட வேண்டாம், பழைய தரிப்பிடங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் எழுபது வயது தாண்டிய ஒருவரிடம், "முந்தி வண்டில் எங்கே அவிழ்த்துவிடுவீர்கள்?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேட்கிற முறையும் முக்கியம். கோயில் என்றால் பரிபாலன சபையிடம் முன்கூட்டியே நேரில் போய்க் கதையுங்கள். உள்வீதி வேண்டாம், வெளிவீதிக்கு அப்பால் உள்ள வெறும் தரை காணும். எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை மணிக்குப் போவோம், சாணம் ஒன்றையும் விட்டுவைக்க மாட்டோம், அங்கே மச்சம் மாமிசம் சமைக்க மாட்டோம் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு மறுப்பவர்கள் குறைவு. சாணத்தைச் சாக்கில் கட்டிப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்தால் அடுத்த முறை அவரே உங்களை மறிப்பார்.

கோயில் கிடைக்காத இடத்தில், வேலி அடைத்த வளவு. உறவுக்காரர், தெரிந்தவர் யாரோ ஒருவர் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் உங்களுக்கு இல்லாமலா போவார்கள்? தென்னங்காணி என்றால் மட்டும் மரத்துக்குக் கீழே கட்ட வேண்டாம். தேங்காய் விழுந்தால் குதிரைக்கும் மண்டை உடையும். மா, வேம்பு, புளி நல்லவை. மண் மேடாக இருக்க வேண்டும். நெல்லு வெட்டின வயல் பார்க்க வடிவு, ஆனால் ஈரம் காயாவிட்டால் இரவு முழுக்கச் சேற்றில் நின்று குளம்பு ஊறிப் போகும்.

கட்டுகிற விதத்தை ஆறுதலாகச் சொல்கிறேன், இதில்தான் கூடுதலாகக் காயம் வருகிறது. மாட்டை முளையில் கட்டுகிற மாதிரி நீளக் கயிற்றில் விடாதீர்கள். மாடு காலில் கயிறு சுற்றினால் நின்று யோசிக்கும், குதிரை இழுத்து அடிக்கும். குளம்புக்கு மேலே கயிறு அறுத்த காயம் ஆற நாள் எடுக்கும்.

நாங்கள் செய்வது உயரக் கயிறு. முப்பது, முப்பத்தைந்து அடி இடைவெளியில் உயிருள்ள இரண்டு நல்ல மரம் பாருங்கள். மரத்தைச் சுற்றி அகலமான பட்டி போட வேண்டும், பழைய வாகனத்தின் சீற் பெல்ட் அருமையாக உதவும். பட்டியில் கயிற்றைப் பூட்டி, உங்கள் தலைக்கு மேலே கையை நீட்டித் தொடும் உயரத்தில், தொய்யாமல் இழுத்துக் கட்டுங்கள். கயிற்றில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு இரும்பு வளையம், அது அங்குமிங்கும் வழுக்காதபடி இரண்டு பக்கமும் முடிச்சு. தலைக்கயிறு அந்த வளையத்தில் இருந்து இறங்கும். எவ்வளவு நீளம்? மூக்கு நிலத்தைத் தொட வேண்டும், முன்கால் கயிற்றுக்கு மேலால் போகக் கூடாது. கட்டியபின் நீங்களே குனிந்து இழுத்துப் பாருங்கள். மரத்தண்டில் இருந்து எட்டடியாவது தள்ளி நிற்க வேண்டும், இரண்டு குதிரையும் ஒன்றையொன்று உதைக்க எட்டாத தூரம் வேண்டும். ஒரே இழுவையில் அவிழும் முடிச்சு, இடுப்பில் ஒரு கத்தி.

மரத்தண்டிலேயே கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். சும்மா நிற்கிற குதிரை முன்காலால் கிண்டும். விடியும்போது வேர் வெளியே தெரியும். கோயில் வேம்பின் வேரைக் கிண்டிவிட்டு மறுபடி அந்த ஊருக்குள் போக முடியுமா?

புறப்பட முதல் வீட்டு முற்றத்திலேயே சில இரவுகள் இப்படிக் கட்டிப் பழக்குங்கள். பிறகு புளியம்பொக்கணையில் ஓர் ஒத்திகை இரவு. கிட்டடி என்பதால், சரிவராவிட்டால் நடத்திக்கொண்டே வீடு வந்துவிடலாம்.

தீனியைப் பற்றி ஒன்று. கனனாஸ்கிஸில் கரடிக்குப் பயந்து குதிரைத் தீனியைக்கூடப் பூட்டி வைக்கிறோம். உங்களுக்கு யானை. நெல், தவிடு, உப்பு மணத்துக்கு வீட்டுச் சுவரையே உடைக்கிற விலங்கு அது. சாக்குகளைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள், குதிரைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஊருக்குள் ஒரு வீட்டில் கொடுத்து வைத்துவிட்டுக் காலையில் எடுங்கள்.

இங்கே பக்கத்து நாடான அமெரிக்காவின் மலைக்காடுகள் பலவற்றில் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோல்தான் கொண்டுபோகலாம். உங்களை அப்படி யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் பாத்தீனியம் என்ற களை படுத்துகிற பாட்டை நீங்கள் அறிவீர்கள். பாத்தீனியம் நிற்கிற காணியில் அறுத்த புல்லை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். இடம் தந்தவருக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை அது.

ஓய்வுபெற்ற கால்நடைப் போதனாசிரியர் எழுதியது:

மேலே பிள்ளை எழுதியதோடு எனக்கு முழு உடன்பாடு. நான் வயிற்றையும் நோயையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குதிரை ஒரு நாளைக்குச் சாதாரணமாகவே 25 முதல் 45 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூடும். பழக்கமில்லாத தண்ணியை மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புகிற குதிரைகள் நிறைய. கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணி சவராக இருந்தால் அது நடக்கும். ஆகவே வீட்டுக் கிணற்றுத் தண்ணியைப் பெரிய கான்களில் லான்ட்மாஸ்டரில் ஏற்றுங்கள். அவை வழக்கமாகக் குடிக்கிற அதே வாளியையும் கொண்டுபோங்கள்.

உலர்தீனி, உடல் நிறையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு. 250 கிலோ மட்டக் குதிரைக்கு நாலு, ஐந்து கிலோ. வீட்டில் என்ன தின்கிறதோ அதையே கொடுங்கள். பயணத்தில் தீனி மாற்றினால் வயிற்றுவலி வரும், குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் அது உயிருக்கே ஆபத்து. வெறும் நெல்லு வைக்கோலை நிறையப் போட்டுத் தண்ணியும் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். தவிட்டைக் கூட்ட வேண்டாம். வழியில் தீனி முடிந்தது என்று கடையில் கோழித் தீவனம் வாங்கிப் போடவே கூடாது. சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், கோழிக்கு நல்லது, குதிரைக்குச் சிறிதளவு தின்றாலே நஞ்சு.

வரம்புப் புல்லில் மேயவிட முதல் காணிக்காரரிடம் களைநாசினி அடித்ததா என்று கேளுங்கள். வேலியில் அரளி நின்றால் அந்தப் பக்கம் கட்டவே வேண்டாம், வெட்டிப் போட்ட காய்ந்த இலையும் நஞ்சுதான். உன்னிப் பற்றையும் ஊமத்தையும் அப்படியே.

ஏற்புவலித் தடுப்பூசி போடாவிட்டால் இப்போதே போடுங்கள். குதிரையைப் போல ஏற்புவலிக்கு இலகுவில் ஆளாகிற கால்நடை வேறில்லை, வன்னியில் துருப்பிடித்த கம்பிக்கும் ஆணிக்கும் பஞ்சமில்லை. மாட்டு ஈ கூடுதலாக உள்ள இடத்தில் நிற்க வேண்டாம். சர்ரா என்ற காய்ச்சலை மாட்டில் இருந்து குதிரைக்குக் கொண்டுவருவது அந்த ஈதான். அதனால் மாட்டுப் பட்டிக்குப் பக்கத்திலும் கட்டாதீர்கள். ஒரு வெப்பமானி கொண்டுபோங்கள். குதிரைக்கு 37.5 முதல் 38.5 பாகை வரை சாதாரணம். தீனி தின்னாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்து உருண்டால் காத்திருக்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். வழியில் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் தொலைபேசி இலக்கங்களைப் புறப்பட முதலே எழுதி வையுங்கள்.

முரசுமோட்டைச் சவாரி எழுதியது:

அக்கா, ஐயா, அண்ணை, மூவருக்கும் பெரிய நன்றி. குளக்கரையை விட்டுவிட்டோம். விசுவமடுவில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் இருக்கிறார், மாமாவின் வளவு மூன்று பக்கமும் அடைப்பு, இரண்டு மாமரமும் கட்டுக்கிணறும் இருக்கின்றன. கேட்டதும், "நீ குதிரையைக் கொண்டு வா, நீ எங்கே படுப்பாய் என்றதைப் பிறகு பார்ப்போம்" என்றார். புதுக்குடியிருப்பில் ஒரு கோயில் சபையோடு கதைத்திருக்கிறோம், பின்பக்கத் தரையைத் தரச் சம்மதம். சீற் பெல்ட்டும் பழைய இரும்புக் கடையில் எடுத்தாயிற்று. மச்சானின் குதிரை உயரக் கயிற்றில் முதல் இரவு நிறையக் கனைத்தது, இப்போது நின்றபடியே நித்திரை கொள்கிறது.

இரண்டு கேள்விதான் மிச்சம். வட்டுவாகல் பாலத்தைக் குதிரையோடு எப்படிக் கடப்பது? கடற்கரையிலேயே ஓர் இரவு தங்கலாமா?

பட்டிக்காரன், வவுனிக்குளம் எழுதியது:

பாலம் ஒடுக்கம் தம்பி, இரண்டு பக்கமும் நந்திக்கடல் தண்ணி. விடியற்காலை, வாகனம் குறைந்த நேரத்தில் போங்கள். இறங்கி நடத்துங்கள். லான்ட்மாஸ்டர் பின்னால் மெதுவாக, லைட் போட்டபடி வரட்டும், பின்னால் வருகிற வாகனத்தை அது தடுக்கும். உங்களுடைய பெண் குதிரை நிதானம் என்றால் அதை முன்னால் விடுங்கள், மற்றது அதன் பின்னாலே வரும். பாலத்தில் ஏற முதல் ஒரு பத்து நிமிடம் நின்று தண்ணியையும் காற்றையும் பார்க்க விடுங்கள்.

ஒட்டுசுட்டான் மகள், கல்கரி எழுதியது:

கடற்கரையில் இரவு வேண்டாம் தம்பி. நிழல் இல்லை, நல்ல தண்ணி இல்லை, கட்ட மரமும் இல்லை. கரைவலைக் கயிறும் நைலோன் வலைத் துண்டும் மணலுக்குள் புதைந்து கிடக்கும், இருட்டில் குளம்பில் சுற்றினால் தெரியாது. காலையில் போய், மீனவர் வாடிகளுக்குத் தள்ளி, வலை இழுக்காத பக்கமாக நடத்துங்கள். அலையில் கால் நனைத்தால் திரும்பி வந்ததும் நல்ல தண்ணியால் கழுவிவிடுங்கள், உப்புக் காய்ந்தால் சேணத்துக்குக் கீழே தோல் உரியும். வெயில் ஏற முதல் வற்றாப்பளைப் பக்கம் திரும்பிவிடுங்கள். அங்கே கோயிலுக்கு வெளியே தரை தாராளம், பொங்கல் வைகாசியில்தான், மாசியில் சனம் இராது. சபையிடம் இந்த வாரமே கேளுங்கள். என் பெரியம்மா அந்தப் பக்கம்தான் இருக்கிறா, தேவைப்பட்டால் தனிமடலில் எழுதுங்கள், தீனிச் சாக்கை அவ வீட்டிலேயே வைக்கலாம்.